பள்ளி மலையில், பிள்ளை அடிவாரத்தில்

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு காலத்தில் பேர்போன பள்ளிகள் மூன்று இருந்தன. மூன்றும் இன்று அங்கே இல்லை. சிங்கப்பூரில் தங்லின் பள்ளியை நடத்திவந்த ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அம்மையார் 1934இல் தானா ராத்தாவில் ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தார். சமவெளி வெக்கை தாங்காத வெள்ளைக்காரப் பிள்ளைகள் குளிரில் இருந்து படிக்கட்டும் என்பது எண்ணம். உலகப் போரும் அதன்பின் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் வந்த அவசரகாலமும் அதை முடித்துவைத்தன. 1951இல் பிரிட்டிஷ் ராணுவத்தார் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி வந்தது; 1964இல் மூடிக்கொண்டது. மறு ஆண்டே, வியட்நாம் போரிலிருந்து வெளியேறிய அமெரிக்க மிஷனரிகளின் டாலாட் பள்ளி மலையேறியது. அதுவும் 1971இல் பினாங்குக்கு இறங்கிவிட்டது. இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்.

அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் உறைவிடத்தில் பால் குடித்துக்கொண்டிருந்த நாளில், அதே மலையின் தேயிலைச் சரிவுகளில் தமிழ்ப் பிள்ளைகளும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளிகளின் வாரிசுகள் இன்னும் இருக்கின்றன. ரிங்லெட், தானா ராத்தா என்று பட்டணத்தை ஒட்டி இரண்டு. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி, சும் யிப் லியோங் என்று தோட்டப் பெயர்களோடு சில. வடக்கே திரிங்காப்பைத் தாண்டிக் கம்போங் ராஜா போகும் வழியில் கோலா தெர்லா. இவற்றின் கதையை எழுத யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டம். பரப்பளவு 712 சதுர கிலோமீட்டர், மக்கள் 40,000க்குள். இந்தச் சின்ன மாவட்டத்தின் கல்வி அலுவலகம் கவனிக்க வேண்டிய வகைகளோ ஏராளம்: மலாய்வழித் தேசியப் பள்ளிகள், புதுக்கிராமங்களை ஒட்டிய சீனப்பள்ளிகள், தமிழ்ப்பள்ளிகள், லெமோய், தெலானோக் போன்ற உட்காட்டுச் செமாய் கிராமங்களின் பூர்வகுடிப் பள்ளிகள். வெளியிலிருந்து பார்த்தால் மலை வளர்ந்துகொண்டே போகிறது. வார இறுதியில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை வண்டி நகராது. தங்கும் விடுதிகள் அடுக்குமாடிகளாக எழும்பிவிட்டன. நெகிழிக் கூரைக்குள் தக்காளியும் குடைமிளகாயும் ஸ்ட்ராபெரியும் ஆண்டு முழுக்கக் காய்க்கின்றன. இத்தனை வளர்ச்சிக்கு நடுவிலும் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் நாற்காலிகள் மிஞ்சுகின்றன. ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் தாய்மொழிப் பற்று குறைந்துவிட்டது என்பார்கள். இந்த மலையைப் பொறுத்தவரை அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முதலில் அந்தக் குடும்பம் மலையில் குடியிருக்க வேண்டும்.

தோட்டத்துப் பள்ளி பிறந்த விதத்திலேயே அதன் பலவீனமும் இருந்தது. மலாயாவில் 1923இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்தை நிறைவேற்ற ஒரு கொட்டகை போதும். வாத்தியாராகக் கிராணியோ, எழுத்தறிந்த கங்காணியோ போதும். 1929இல் ஜே. ஏ. ரசல் ஹாபு பக்கத்தில் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைப்பாதை ஏறிவந்த அந்தக் காலத்தில், காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1933இல் பாரத் தேயிலையும் வந்தது. ஆளைக் கூட்டிவந்த நிர்வாகமே வீடு, ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளி எல்லாவற்றையும் கொடுத்தது. அதாவது வேலை, வீடு, பள்ளி மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டன. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பள்ளிக்குப் பிள்ளை வராது. நூறாண்டை நெருங்கும் இந்த முடிச்சை இன்றுவரை யாரும் முழுதாக அவிழ்க்கவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் 530க்கு உள்ளே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சில போயின, சிறிய பள்ளிகள் இணைக்கப்பட்டபோது சில போயின. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் திட்டம் எழுப்பினார்கள். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் தோட்டத்தோடு பள்ளியும் அழிந்த அல்லது பட்டணத்துக்குப் பெயர்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேமரன் மலையில் அப்படி நடக்கவில்லை. தேயிலைச் செடியை யாரும் பிடுங்கவில்லை. போ நிறுவனம் இன்று ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை உற்பத்தி செய்கிறது. சுங்கை பாலாஸில் அதன் தேநீர் மாடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இல்லை. தோட்டம் நிலைத்ததால் பள்ளிக் கட்டடமும் நிலைத்தது. மாறியது தேயிலை எடுக்கும் கை.

ஒரு காலத்தில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ்ப் பெண்கள். அப்புறம் கத்தரி வந்தது, அடுத்து இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரத்தைப் பிடிக்கிறவர்கள் வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசிய, மியன்மார் இளைஞர்கள். அந்நியத் தொழிலாளர் அனுமதியில் வருகிறவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்பது மலேசியச் சட்டம். ஆக, லயத்தில் விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறார், தேயிலை லோரியில் ஏறுகிறது. பள்ளிக்குப் போகப் பிள்ளை மட்டும் இல்லை. 2024 ஜனவரி 26 அன்று புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் புதையுண்டு இறந்தார்கள். ஐவரும் மியன்மார்க்காரர்கள். இன்று மலைச்சரிவில் யார் உழைக்கிறார்கள் என்பதற்கு அந்தச் செய்தியே சாட்சி.

தமிழ்க் குடும்பங்கள் எங்கே போயின? இங்கேதான் பள்ளியின் சாதனையைப் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இறங்கிப்போகப் படிக்கட்டு போட்டுக் கொடுத்ததே இந்தப் பள்ளிகள்தான்.

கொழுந்து எடுத்த தாயின் மகள் ஆறாம் ஆண்டு முடித்து, தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போய், மலாயில் தேறாதவர்களை ஓராண்டு உட்காரவைக்கும் புகுமுக வகுப்பைத் தாண்டி, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி, தாதியாகவோ ஆசிரியையாகவோ குமாஸ்தாவாகவோ ஆவது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் பாடம் சொல்லித் தர ஆள் கிடையாது. டியூஷன் என்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும், பட்டணத்துக்குப் போக வண்டி வேண்டும். இந்த மலையில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் ஓடுவதை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். காய்கறிக் கூடையோடு பிள்ளையும் அதில்தான் ஏறிப் போயிற்று. பெற்றோர் கொடுக்க முடியாததை ஆசிரியர்கள் கொடுத்தார்கள். மாலை வகுப்பும் தேர்வுக்கு முந்தைய முகாமும் பல தோட்டத்துப் பள்ளிகளில் சம்பளத்தில் சேராத வேலை.

1988இல் தொடங்கிய, ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு இந்த உழைப்புக்கு ஓர் அளவுகோலாக இருந்தது. ஆண்டுதோறும் நவம்பரில் முடிவு வெளியானதும் தமிழ் நாளேடுகளில் பக்கம் பக்கமாகப் படங்கள். ஏழு ஏ, 2016 முதல் எட்டு ஏ. மாலை போட்ட பிள்ளை, பக்கத்தில் தலைமையாசிரியர், பின்னால் சேலையைச் சரிசெய்தபடி அம்மா. மலைத் தோட்டத்துப் பள்ளி ஒன்றின் பெயர் அந்தப் பக்கத்தில் வந்துவிட்டால் தோட்டமே அந்தத் தாளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும். எண்களுக்குப் பின்னால் ஓடியதில் கெடுதலும் உண்டு: தேறமாட்டான் என்று தெரிந்த பிள்ளை கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டதை யாரும் படம் பிடிக்கவில்லை. கடைசி யுபிஎஸ்ஆர் நடந்தது 2019இல். 2020இல் கொரோனா தடுத்தது, 2021இல் அரசு தேர்வையே எடுத்துவிட்டது. அதே 2019இன் தொடக்கத்தில்தான் 1924 முதல் வந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' நாளேடும் நின்றது. இப்போது சிறிய பள்ளியின் திறமை ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் புத்தாக்கப் போட்டி, அறிவியல் விழா, ரோபோ இவைதான் வழி. அதற்குப் பணமும் கடவுச்சீட்டும் புரவலரும் வேண்டும். பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிகள் அயல்நாடுகளில் பதக்கம் வாங்கி வருகின்றன, பாராட்டத்தான் வேண்டும். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியை அதே தராசில் வைப்பது நியாயம் இல்லை.

முப்பது என்ற எண்ணுக்குக் கணக்கு உண்டு. மலேசியக் கல்வி அமைச்சின் வகைப்பாட்டில் 150 பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. எண்ணிக்கை முப்பதையும் விடக் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைக்கும் கூட்டு வகுப்பு. ஆசிரியர் பலகையின் பாதியில் மூன்றாம் ஆண்டுக் கணக்கையும் மறுபாதியில் நான்காம் ஆண்டுக் கணக்கையும் எழுதுவார். தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியம், தலை குறையக் குறையச் சுருங்கும். மின்கட்டணமும் கூரைப் பழுதும் சுருங்குவதில்லை. மாவட்டத் திடல்தடப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்கு நாலு பேர் சேர்ப்பதே பாடு. காலையில் கவிதை ஒப்புவித்த அதே பிள்ளை மத்தியானம் உயரம் தாண்டி, சாயங்காலம் திருக்குறள் போட்டியிலும் நிற்கும்.

ஆனால் ஆறேழு பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஆறாம் ஆண்டுக்குப் போய்விட முடியாது. இதைத் தனியார் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கின்றன. தோட்டத்துப் பள்ளியில் இது இலவசமாகக் கிடைக்கும்போது பெற்றோரே, "பிள்ளைக்குச் சேர்ந்து விளையாட ஆள் வேண்டாமா?" என்று பெரிய பள்ளிக்கு மாற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பிள்ளைக்குக் கூட்டாளி வேண்டும்தான்.

கோலா தெர்லாவின் நிலைமை தேயிலைத் தோட்டத்திலிருந்து சற்று வேறு. இங்கே சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்கறி. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர்கள் சிலர் மலையை விட்டு இறங்காமல் ஆற்றோரத்தில் நிலம் திருத்தி முட்டைக்கோசும் தக்காளியும் போட்டார்கள். சொந்தக் காலில் நின்ற குடும்பங்கள் இவை. கோலா தெர்லா போன்ற பள்ளிக்கு இந்த மாதிரிக் குடும்பங்களே முதுகெலும்பு. கம்பெனி வேலை போனால் வீடு போகும் என்ற பயம் இவர்களுக்கு இல்லை. இவர்களுக்கு வேறொரு பயம்: நிலம்.

கேமரன் மலையின் காய்கறி நிலத்தில் பெரும்பகுதி காலங்காலமாக டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிமத்தில் ஓடியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், விற்கவோ மகனுக்கு எழுதிவைக்கவோ முடியாது. உரிமமே இல்லாமல் பயிர் செய்தவர்களும் உண்டு. 2013 அக்டோபரில் ரிங்லெட் அணை நீர் திறந்துவிடப்பட்டுப் பெர்த்தாம் வேலியில் உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பரில் மறுபடி மண்சரிவு, மறுபடி சாவு. காடு அழிப்பைப் பற்றி நாடே பேசியது, அமலாக்க நடவடிக்கைகள் முடுக்கிவிடப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் கோலா தெர்லாப் பக்கமும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று சொல்லி மாநில அரசின் இயந்திரங்கள் தோட்டங்களுக்குள் இறங்கின. அங்கே பயிரிட்டவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழர்கள். ஆற்றைக் காப்பாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தெர்லா ஆற்றின் தண்ணீரை ஊர் குடிக்கிறது, அதிலிருந்து மின்சாரமும் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு பயிர்க்குடும்பத்தை வெளியேற்றும்போது, அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை என்று எந்த இலாகா கேட்கிறது? நில அலுவலகத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் இடையே அந்தக் கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. நாலு குடும்பம் ஈப்போவுக்கு இறங்கினால் சிறிய பள்ளியில் ஒரு வகுப்பே குறைந்துவிடும்.

ஈப்போவுக்கு இறங்குவதும் இப்போது சுலபம். முன்பு தாப்பா வழியாக வளைந்து வளைந்து வாந்தியெடுத்துக்கொண்டே போக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு அகலச் சாலை வந்தபின் மலையின் வடபகுதி ஈப்போவோடு ஒட்டிக்கொண்டது. காய்கறி சீக்கிரம் சந்தைக்குப் போயிற்று, பிள்ளைகளும் போனார்கள். அந்தச் சாலையில் எதிர்ப்பக்கம் சுற்றுலா ஏறி வந்தது. காலியாக இருந்த வீடுகள் எல்லாம் விடுதிகளாகின, வாடகை ஏறியது. பேராக்கிலிருந்தோ கெடாவிலிருந்தோ மாற்றலாகி வரும் இளம் ஆசிரியருக்குச் சம்பளத்துக்குள் வீடு கிடைப்பது கஷ்டம். இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார், மூன்றாம் ஆண்டு மாற்றல் மனு போடுவார். அவரைத் திட்டி என்ன பயன்?

அரசியல்வாதிகள் இந்த மலையை மறந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2004இல் கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியானதிலிருந்து 2018 வரை மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வே வென்றது, இந்திய வாக்காளர்கள் சுமார் 15 விழுக்காடு மட்டுமே இருந்தும் அது 'இந்தியர் தொகுதி'யாகவே பேசப்பட்டது. 2018 வெற்றி நீதிமன்றத்தில் செல்லாமல் போய், 2019 ஜனவரி இடைத்தேர்தலில் பூர்வகுடியைச் சேர்ந்த ராம்லி முகமட் நோர் வென்றார். நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் அவர். லெமோய்ப் பிள்ளையின் குரல் அங்கே ஒலிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. தேர்தல் வந்தால் தமிழ்ப்பள்ளிக்குக் காசோலை வரும், மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படமும் வரும். மண்டபம் கிடைக்கும், கணினி அறை கிடைக்கும். குடியிருக்க நிலம் மட்டும் அந்தப் படங்களில் நான் பார்த்ததில்லை.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளிவிட்டது. நல்ல தீர்ப்பு, தேவையான தீர்ப்பு. ஆனால் நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை 2008 வாக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது 80,000ஐச் சுற்றி நிற்கிறது. மலேசிய இந்தியப் பெண்ணின் சராசரிப் பிள்ளைப்பேறு ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது. பிறக்காத பிள்ளைக்கு எந்தத் தீர்ப்பும் இருக்கை தர முடியாது. இது மலேசியாவின் கதை மட்டும் அல்ல. தமிழ்நாட்டு மலையூரான வால்பாறையின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 95,000, 2011இல் 71,000க்குள். அங்கேயும் தேயிலை இருக்கிறது, அங்கேயும் தமிழர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள், அங்கேயும் வடக்கிலிருந்து வந்த கைகள் கொழுந்து எடுக்கின்றன.

இனி என்ன செய்வது என்று பேச்செடுத்தால் முதலில் வருவது இணைப்பு. சிறிய பள்ளிகளைச் சேர்த்து இரண்டு மூன்று நல்ல பள்ளிகளாக்கி, ஒரு விடுதியும் கட்டிவிட்டால் என்ன? காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளியின் உரிமத்தை விட்டுக்கொடுத்தால் அது திரும்பக் கிடைக்காது என்ற பயம் நம் சமூகத்துக்கு ஆழமாக உண்டு, 888இலிருந்து எண்ணிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஏழு வயதுப் பிள்ளையை விடுதியில் விட எந்த அம்மாவுக்கும் மனம் வராது என்பது இன்னொன்று. உரிமங்களை அப்படியே வைத்துக்கொண்டு விளையாட்டு, இசை, ஆங்கிலம், சிறப்புக் கல்வி இவற்றை மட்டும் வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் சேர்ந்து நடத்தலாம் என்பது என் கட்சி. அதற்குச் சட்டத்திருத்தம் வேண்டாம், ஒரு பேருந்து வேண்டும்.

இடைநிலைப்பள்ளியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்கிறது சட்டம். சிறிய பள்ளிகளிலிருந்து வரும் நாலைந்து பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறிவிட்டால் எங்கேயும் பதினைந்து தேறாது. ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை எஸ்பிஎம்மில் தமிழை எடுக்காமல் விடுவதற்கு அது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆறாம் ஆண்டு முடியும்போதே பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கூடிப் பேசி, ஒரே இடைநிலைப்பள்ளிக்கு மனு கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் இது.

வீட்டுக்கும் நிலத்துக்கும் மனு கொடுத்துத் தீராது. 60 வயதில் ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளி லயத்தைக் காலி செய்தாக வேண்டும். மலையிலேயே வீடு வாங்க அவர் ஊதியத்தால் முடியாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பிரிஞ்சாங்கில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் விலைப்பலகைக்குப் பக்கத்தில் அந்தத் தொகையை வைத்துப் பார்த்தால் போதும். தோட்டத் தொழிலாளிக்கு மலையில் மலிவு வீடும், தலைமுறையாகப் பயிர் செய்தவருக்கு நீண்டகாலக் குத்தகையும் மாநில அரசின் கையில் இருக்கின்றன, கல்வி அமைச்சின் கையில் இல்லை. தமிழ்ப்பள்ளிக்காக மனு எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாகப் புத்ராஜெயாவுக்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மனுவின் நகல் ஒன்றைக் குவாந்தானில் இருக்கும் மாநில அரசுக்கும் அனுப்பலாம், தானா ராத்தாவில் மாவட்ட நில அலுவலகத்துக்கு இன்னொன்று.